முட்டைக்குழிக் கணக்கு ராணுவ ரகசியமா? கிரேட் நிக்கோபார் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம்.

கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம், டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனம், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் அளவைத் துறை. இந்த மூன்றிலும், அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள கிரேட் நிக்கோபார் தீவு தொடர்பான பணியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமைச்சருக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஏற்கெனவே நிறையக் கடிதங்கள் போய்விட்டன. ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் எழுதினார்கள், வெளிநாட்டு இனப்படுகொலை ஆய்வாளர்கள் எழுதினார்கள், நிக்கோபார் பழங்குடி மன்றமே எழுதியது. உங்களுக்கு எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தத் தீவில் வரப்போகும் துறைமுக, நகரத் திட்டத்தால் உயிரினங்களுக்கு என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் அரசு சொல்லும் பதிலில் இருப்பவை உங்கள் பெயர்கள்தான். ஆமையைக் காட்டுயிர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும், மெகபோட் என்ற பறவையைச் சாலிம் அலி மையம் பார்த்துக்கொள்ளும், பவளத்தை விலங்கியல் துறை இடம் மாற்றிவிடும். அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

நான் விஞ்ஞானி அல்ல. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். அதனால் ஓர் உயிரை இடம் மாற்றுவது என்றால் என்ன என்பது கொஞ்சம் தெரியும். முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைத் திருப்பினாலே கரு செத்துவிடும். புதிய குழியின் ஆழமும் ஈரமும் பழையது போலவே இருக்க வேண்டும். மணலின் சூடு கூடினால் எல்லாம் பெண் குஞ்சாகப் பொரியும். இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தாலும் நாங்கள் இதை வெற்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. நாயும் தெருவிளக்கும் கூட்டமும் சேர்ந்து கரையைக் கெடுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் செய்கிறோம், அவ்வளவுதான்.

கிரேட் நிக்கோபாரில் நடக்கவிருப்பதோ தலைகீழ். கரை நன்றாக இருக்கிறது. முதலில் அதைக் கெடுத்துவிட்டு, அப்புறம் இடம் மாற்றப்போகிறோம்.

திட்டம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிதி ஆயோக் முன்வைத்த இந்தத் திட்டத்தில் கலாத்தியா விரிகுடாவில் ஒரு சரக்குப் பெட்டகத் துறைமுகம், ஒரு விமான நிலையம், ஒரு மின் நிலையம், ஒரு நகரம் ஆகியவை வருகின்றன. தீவின் பரப்பு ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர். அதில் திட்டத்துக்கு 166 சதுர கிலோமீட்டர். அந்த 166-ல் சுமார் 130 அடர்ந்த மழைக்காடு. வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் எட்டாயிரம் பேர் இருந்த தீவில் 30 ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் கணக்கு இது. வெட்டுகிற மழைக்காட்டுக்கு ஈடாக மரம் வைக்க ஹரியானாவில் இடம் பார்த்திருக்கிறார்கள். இதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. தாவரவியல் முதலாம் ஆண்டு மாணவர்கூடச் சிரிப்பார்.

இனி ஆமைக்கு வருகிறேன். லெதர்பேக் எனப்படும் ஏழுவரி ஆமைதான் உலகின் ஆமைகளிலேயே மிகப் பெரியது. அதற்குக் கெட்டியான ஓடு கிடையாது, முதுகில் தோல். அதில் நீளவாக்கில் ஓடும் மேடுகள். முக்கிய உணவு சொறிமீன். ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி வரும். லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் போயின, சில மடகாஸ்கரைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரை போயின. இப்படி இந்தியப் பெருங்கடலையே அளந்துவிட்டு வரும் ஆமை முட்டையிட இந்தியாவில் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் அந்தமான் நிக்கோபார் கரைகள் மட்டும்தான். அவற்றிலும் கலாத்தியா தலையாயது. சென்னை ஐஐடியில் படித்து, பிறகு நாட்டின் கடற்கரைகளை எல்லாம் காலால் நடந்தே அளந்த சதீஷ் பாஸ்கர், 1970களின் இறுதியில் கிரேட் நிக்கோபார் கரைகளில் இந்த ஆமையின் தடங்களைப் பதிவு செய்தார். உங்கள் துறையில் யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் கலாத்தியா விரிகுடா ஒரு காட்டுயிர்ச் சரணாலயமாக இருந்தது. 2021 ஜனவரியில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அதே அமைச்சகம் வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல்திட்டமோ, கலாத்தியாவை நாட்டின் முக்கியமான முட்டையிடும் கரைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. ஒரே அமைச்சகத்தின் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை போல.

விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில்தான் ஆமைகள் அதிகம் ஏறுகின்றன, அங்கே எதுவும் கட்டப்போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்கிறது. சரி. ஆனால் அலைத்தடுப்புச் சுவர் ஒரு பக்கம் கட்டினால் மணல் மறுபக்கம் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அந்த மணல் போய்ச் சேராமல் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது, இன்று அங்கே பெரும்பகுதி கருங்கல் சுவர்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள், சில ஆண்டுகளில் ஊர்க் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது. ஒரு சிறிய விரிகுடாவில் கிழக்குக் கரையில் மாபெரும் துறைமுகம் கட்டி, உள்ளே தூர்வாரி, இரவு பகலாக விளக்கெரித்து, வாசலில் கப்பல்களை வரிசையில் நிறுத்திவிட்டு, மேற்குக் கரை மட்டும் அப்படியே இருக்கும் என்று உங்களில் யாராவது எழுத்தில் உறுதி தரமுடியுமா? முடியும் என்றால் தாருங்கள், நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு மறுவாதம் உண்டு. 2004 சுனாமியில் கலாத்தியா கரையே காணாமல் போனது. தீவின் தென்முனை நாலு மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, இந்திரா முனை கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் தண்ணீரில் நின்றது. ஆனாலும் மணல் மறுபடி சேர்ந்தது, ஆமைகளும் திரும்பி வந்தன. சுனாமியைத் தாங்கியது துறைமுகத்தைத் தாங்காதா என்கிறார்கள். கடல் ஒரு கரையைக் கொண்டுபோனால் இன்னொன்றைக் கொண்டுவந்து போடும். ஆற்று முகங்களில் மாறிக்கொண்டே இருக்கும் கரைகளுக்கு இந்த ஆமை ஏற்கெனவே பழகியது. கான்கிரீட் மாறாது, விளக்கும் அணையாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்தால் நீதிமன்றத்தில் நிற்கும். என் வாயிலிருந்து வந்தால் நிற்காது.

மெகபோட் விஷயம் எனக்கு இதைவிட உறுத்துகிறது. உலகத்தில் நிக்கோபார் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இது. கோழி அளவு இருக்கும். முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்காது. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் பவளத் துகளையும் சருகையும் குவித்துப் பெரிய மேடு கட்டும். உள்ளே சருகு மக்கி, எருக்குழியில் கிளம்புவது போலச் சூடு கிளம்பும், அதில் முட்டை பொரியும். குஞ்சு மண்ணைத் தானே கிளறிக்கொண்டு வெளியே வந்து, தாய் முகம் பார்க்காமல் காட்டுக்குள் நடந்துவிடும். ஒரே மேட்டை ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துப் புதுப்பித்துப் பயன்படுத்தும்; சில மேடுகளை ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் பகிர்ந்துகொள்ளும். மேடுகள் எல்லாம் கரையோரம் என்பதால் சுனாமியில் இந்த இனத்தில் சுமார் 70 சதவீதம் அழிந்தது என்று அப்போதைய கணக்கெடுப்பு சொன்னது. மிச்சம் இருப்பதுதான் இன்று திட்டத்தின் வழியில் நிற்கிறது. திட்டப் பகுதியில் பயன்பாட்டில் உள்ள மேடுகள் 51, அவற்றில் 30 அளவுக்கு நிரந்தரமாக அழியும் என்று சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலித்த மதிப்பீட்டுக் குழுவின் பதிவிலேயே இருக்கிறது.

இதற்குத் தீர்வாக 2022-ல் மூன்று புதிய சரணாலயங்கள் அறிவித்தார்கள்: ஆமைக்கு லிட்டில் நிக்கோபாரில் ஒன்று, மெகபோடுக்கு மென்சால் தீவு, பவளத்துக்கு மெரோ தீவு. மென்சால் முழுவதும் சேர்த்தால் ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஏற்கெனவே வாழும் பறவைகளுக்குச் சரணாலயம் என்று பெயர்ப்பலகை வைத்தால், கலாத்தியாவில் வீடிழக்கும் பறவைகளுக்கு அதனால் என்ன லாபம்? இன்னொன்று. மென்சாலிலும் மெரோவிலும் யாரும் குடியிருக்காவிட்டாலும் அவை கேட்பாரற்ற தீவுகள் அல்ல, தென் நிக்கோபாரியர் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவை. ஆவிகள் உறையும் இடம் என்று நம்பி, எப்போது போகலாம், எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களே விதி வைத்துக் காத்து வந்தவை. அவர்கள் காத்ததால்தான் சரணாலயம் என்று அறிவிக்கும் அளவுக்கு அங்கே ஏதோ மிஞ்சியிருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அறிவித்தார்கள்.

பவளம். துறைமுகப் பகுதியில் 20,668 பவளக் கூட்டங்கள் இருப்பதாகவும் அவற்றில் 16,150-ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடப்போவதாகவும் அரசே சொல்லியிருக்கிறது. பவளத்தை நட முடியும் என்பது உண்மை; மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததில் அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு மூழ்கிப் போயின. வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற 2015-லிருந்து செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். சிறு சிறு துண்டுகளாக நட்டு, ஆண்டுக்கணக்கில் பார்த்து, கெட்டுப்போன திட்டுகளைச் சரிசெய்யும் வேலை அது. 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது அந்த உழைப்பிலும் அடி விழுந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு திட்டை அடியோடு பெயர்த்துத் துறைமுகத்துக்கு இடம் விடுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதை விலங்கியல் அளவைத் துறை அனுமதிக்கக் கூடாது.

நீங்கள் பெயர்த்து நடமுடியாதவை இன்னும் எத்தனையோ. நிக்கோபார் நீளவால் குரங்கு, நிக்கோபார் மர மூஞ்சூறு, உடைந்த தேங்காயைத் தேடி இரவில் கிளம்பும் தென்னை நண்டு, அரைக் கிலோ எடைகூடத் தேறாத பாம்புக் கழுகு என்று பட்டியல் நீளும். நிக்கோபார் புறாவின் மரபணுவைப் பார்த்தவர்கள், மொரீஷியஸில் அழிந்த டோடோவுக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு இதுதான் என்கிறார்கள். சுமத்ராவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தும் தனியாகவே நின்று, தனக்கென்று உயிர்களை வளர்த்துக்கொண்ட தீவு இது.

அந்தத் தனிமைதான் கன்டெய்னரோடு போகப்போகிறது. மரம் வெட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், கன்டெய்னருக்குள் என்ன வரும் என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். குவாம் தீவில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராணுவச் சரக்கோடு ஒரு பழுப்பு மரப்பாம்பு வந்து இறங்கியது. 1980களுக்குள் அந்தத் தீவின் காட்டுப் பறவைகள் ஏறத்தாழ மொத்தமும் போய்விட்டன. சிஹெக் என்ற மீன்கொத்தி 1988-க்குப் பிறகு காட்டில் இல்லை. உயிர்க்காட்சிச் சாலைகளில் வளர்த்து, 2024-ல் பல்மைரா என்ற வேறொரு தீவில்தான் விட முடிந்தது, குவாமில் அல்ல. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வயல்களில் கத்தும் இந்தியக் காளைத் தவளை, மீன் குஞ்சுகளோடு சேர்ந்து அந்தமானுக்குப் போய் அங்கே உள்ள சிறு உயிர்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கலாத்தியா துறைமுகம் முழுமையாகும்போது ஆண்டுக்கு 1.42 கோடி கன்டெய்னர் அளவுக்குச் சரக்கு வந்து போகும். ஒரு பாம்பு, ஒரு சினை எலி, ஒரு எறும்புக் கூட்டம் போதும். அதைத் தடுக்கும் ஏற்பாட்டை யார் வகுத்திருக்கிறீர்கள், எங்கே இருக்கிறது?

இன்னொரு தீவின் கதை ஆய்வாளர்களாகிய உங்களுக்கே உரியது. இந்தியப் பெருங்கடலிலேயே, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் ஒரு குட்டி வௌவால் இருந்தது. எண்ணிக்கை சரிகிறது, பிடித்து வளர்த்தாக வேண்டும் என்று அதை ஆய்ந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அனுமதி 2009-ல்தான் கிடைத்தது. ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு வௌவாலின் ஒலி கருவியில் கேட்டது, அதையும் பிடிக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு எந்த ஒலியும் பதிவாகவில்லை. 2017-ல் அழிந்த இனமாக அறிவித்தார்கள். அந்த ஆய்வாளர்கள் என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அரசு எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்பதெல்லாம் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் விஷயத்தில் அது முடியாது.

ஏனென்றால் எதுவும் வெளியே வருவதில்லை. 2023-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது, அதன் அறிக்கையை ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள். துறைமுக இடத்தின் ஒரு பகுதி கட்டுமானமே கூடாத கரைப் பகுதியில் வருவதாக அந்தமான் தரப்பு ஆவணமே முன்பு சொன்னது. அப்புறம் நம் சென்னையில் இருக்கும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் களத்தில் ஆய்ந்து, எதுவுமே வராது என்றது. பவளமும் ஆமையும் மெகபோடும் உள்ள கரை எப்படி அந்த வகையில் வராமல் போனது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். முழு அறிக்கையைக் கண்ணில் காட்டினால் படித்துப் புரிந்துகொள்வேன்.

நாட்டின் பாதுகாப்பு என்கிறார்கள். மலாக்கா நீரிணையின் வாசலில் இருக்கும் தீவு, அதன் முக்கியத்துவம் எனக்கும் புரிகிறது. கடற்படையின் பாஸ் விமானத் தளம் தீவின் முக்கிய ஊரான கேம்பல் பேயில் 2012-லிருந்தே இயங்குகிறது, அதை யாரும் எதிர்க்கவில்லை. ஓடுதளத்தின் நீளத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழுவரி ஆமையின் முட்டைக்குழிக் கணக்கை எதற்காக மறைக்க வேண்டும்? எந்த எதிரி நாட்டுக்கு மெகபோட் மேட்டின் சூடு தேவைப்படுகிறது?

மனிதர்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது, ஆனால் அது உங்கள் துறை இல்லை என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். 2011 கணக்கெடுப்பில் 229 பேர் என்று பதிவான ஷோம்பென் பழங்குடி மக்கள் தாழம்பழத்தையும் காட்டுப் பன்றியையும் நம்பி அந்தக் காட்டுக்குள் வாழ்கிறார்கள். சுனாமியில் கரையோர ஊர்களை இழந்து அரசுக் குடியிருப்புக்கு வந்த நிக்கோபாரியர், தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். அவர்களுடைய மன்றம் 2022 ஆகஸ்டில் தந்த ஒப்புதலை நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1969 முதல் அரசு குடியேற்றிய முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு நல்ல ஆஸ்பத்திரியும் ஒழுங்கான கப்பலும் வேண்டும் என்பது நியாயம். அதற்கு மழைக்காட்டில் 130 சதுர கிலோமீட்டர் தேவையில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. அரசு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசின் பெரிய திட்டத்தை எதிர்த்து நிற்பது எளிதல்ல. வேலையை விடுங்கள், போராட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் செய்ய மறுத்தால் இதைவிட மோசமான ஒருவர் கையில் வேலை போகும் என்று உங்களில் சிலர் நினைப்பதிலும் உண்மை இருக்கலாம்.

நான் கேட்பது, உங்கள் வேலையை வெளிச்சத்தில் செய்யுங்கள் என்பதை மட்டும். வேலை தொடங்குமுன் அங்கே என்ன இருக்கிறது என்று எடுத்த கணக்கை, முட்டைக்குழி, மேடு, பவளக்கூட்டம், குரங்குக் கூட்டம் எல்லாவற்றையும், எடுத்த முறையோடு சேர்த்து வெளியிடுங்கள். ஒவ்வோர் உயிருக்கும் ஓர் எல்லைக்கோடு எழுதுங்கள்: ஆமை ஏறுவது இந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால், நட்ட பவளத்தில் இத்தனை பங்கு செத்தால், வேலை நிறுத்தப்படும் என்று. எல்லைக்கோடு இல்லாத கண்காணிப்பு, சாவைக் குறித்துவைக்கும் பதிவேடு ஆகிவிடும். இடம் மாற்ற முடியாதவை எவை என்பதை உங்கள் கையொப்பத்தோடு தனியாக எழுதுங்கள். அந்தப் பக்கம் அமைச்சகத்துக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பதால், அதை எழுதும் உரிமை வேறு யாரைவிடவும் உங்களுக்கே அதிகம்.

ஏழுவரி ஆமைகள் நவம்பரில் கரையேறத் தொடங்கும். அதற்குமுன் முதல் கணக்கை வெளியிட்டால், பருவம் முடிந்ததும் அடுத்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களைப் போன்றவர்களால் முடியும். பவளக் கணக்கையும் அதே தேதியில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எப்படி வந்தாலும் சரி, தமிழில் பெயர்த்து கேம்பல் பேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வரை கொண்டுசேர்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் ஆமைத் தன்னார்வலர்